பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள்

“எறி!” என்று சொல்லி விசில் ஊதினேன்.

மகாலட்சுமி எறியவில்லை. பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். எதிர் வரிசையில் நின்ற பிள்ளையின் கையில் அதைப் பதனமாக வைத்தாள். திரும்ப ஓடிவந்து தன் இடத்தில் நின்றுகொண்டு, ‘சரிதானே டீச்சர்?’ என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

பந்தை வாங்கிய பிள்ளையும் அதேபோல ஓடிவந்து, இந்த வரிசையில் அடுத்து நின்றவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அப்புறம் அடுத்தவள். பேப்பர் போடுகிறவர்கூட வாசலில் வீசிவிட்டுப் போகிற காலத்தில், ஆறாம் வகுப்பு முழுக்க ஒரு ரப்பர் பந்தைச் சுமந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் எப்போதும் இருக்கும். “எறியச் சொன்னா எறியணும். பந்து என்ன பச்சப் பிள்ளையா, தூக்கிட்டுப் போறதுக்கு?” என்று கத்தினேன்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் அப்போது பயிற்சி ஆசிரியை. அடுத்த வாரம் இதே பிள்ளைகளை வைத்து, இதே எறிதலைத்தான் தேர்வாளர் முன்னால் நான் நடத்திக் காட்ட வேண்டும்.

சீட்டில் வந்த பாடம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் சோளக்காட்டைப் பற்றி எழுதியிருந்தேன். “காட்டில் கிளி விரட்டிய பெண் எப்படி பி.டி. டீச்சர் ஆனார்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிளி விரட்டியதால்தான் ஆனேன்.

காரியாபட்டிப் பக்கம் எங்கள் ஊர். கதிர் முற்றுகிற காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பரண் மேல் ஏறிவிடுவேன். மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தேன் என்றால் அந்தக் கோடியில் இறங்குகிற கிளிக்கூட்டம் எழும்பிவிடும். பெரியப்பாவுக்கு மட்டும் பொறுக்காது. “பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுக் கை வீச்சு ஆகாதுத்தா” என்பார். அந்தக் கை வீச்சுதான் எறிபந்தில் என்னை மாவட்ட அணிக்குக் கொண்டுபோனது. உடற்கல்வியியல் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

கல்லூரியில் முதல் வாரமே பாடமாக்கச் சொன்னது, அடிப்படை இயக்கங்கள் மூன்று வகை என்பது. நடப்பது, ஓடுவது, தாண்டுவது எல்லாம் இடம்பெயரும் இயக்கம். குனிவது, திரும்புவது, முறுக்குவது எல்லாம் இருந்த இடத்திலேயே செய்யும் இயக்கம். எறிவது, பிடிப்பது, உதைப்பது எல்லாம் பொருளைக் கையாளும் இயக்கம். கபடியோ கிரிக்கெட்டோ, எந்த விளையாட்டைப் பிரித்துப் பார்த்தாலும் இந்த மூன்றும்தான் உள்ளே இருக்கும். ஆசிரியராகப் போகிறவர் பிள்ளைக்கு விளையாட்டைச் சொல்லித்தருவதற்கு முன்னால் இவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்பார் எங்கள் பேராசிரியை.

நான் மனத்துக்குள் சிரித்துக்கொள்வேன். எறிவதைப் போய் யாராவது சொல்லித்தருவார்களா? கை இருந்தால் எறிய வேண்டியதுதானே!

அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் எல்லோர் முன்னாலும், “நீ நல்ல விளையாட்டுக்காரி. சொல்லித்தர வருமான்னுதான் எனக்குத் தெரியல” என்றார். அது முள்ளாகத் தைத்தது. இன்றைக்கும் அந்த முள்ளை எடுத்த இடம் தெரியும்.

பயிற்சி வகுப்புக்கு என்னையும் என் தோழி ஜெயந்தியையும் சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிகிற வாரம் தேர்வு. தேர்வில் எந்தப் பாடம் எடுப்பது என்பதை முன்கூட்டியே சீட்டுக் குலுக்கித் தந்துவிடுவார்கள். ஜெயந்திக்குத் தாண்டுதல் வந்தது. எனக்கு எறிதல். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தேன். காரியாபட்டியில் ஒரு பள்ளியில் இடம் காலியாக இருந்தது. தேர்வில் தேறி வந்தால் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று தாளாளர் அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

“எங்கம்மா வையும்”

பி.டி. பீரியட் என்றால் கணக்கு டீச்சருக்குச் சொந்தமான பீரியட் என்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள எழுதாத சட்டம். இந்தப் பள்ளியிலும் அப்படித்தான். நாங்கள் போனபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்கள். பள்ளியில் ஒரே ஒரு பந்துதான் இருந்தது. அதுவும் அலமாரிக்குள் காற்றில்லாமல் கிடந்தது; நாங்கள்தான் காற்றடித்தோம்.

ஆனால் பிள்ளைகள் மந்தம் இல்லை. முதல் நாள் நடத்தல் பாடம் எடுத்தேன். “டீச்சர், நாங்க ஆடி மாசம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கே நடந்து போனோம். எங்களுக்குப் போய் நடக்கச் சொல்லித்தாரீகளே” என்று ஒருத்தி என்னையே வாரினாள். ஓடச் சொன்னால் புழுதி பறந்தது. தாண்டச் சொன்னால் ஜெயந்தியையே தாண்டினார்கள். எறியச் சொன்னால்தான் இந்தக் கதை.

வகுப்பு முடிந்ததும் மகாலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டேன். அவள்தான் வகுப்புத் தலைவி. அவள் செய்ததைத்தான் மற்ற பிள்ளைகள் செய்தார்கள்.

“ஏன் எறியல?”

“எறிஞ்சா எங்கம்மா வையும் டீச்சர்.”

“பந்தத்தானே எறியச் சொன்னேன்?”

“எதையும் எறியக் கூடாது. வைக்கணும்.”

ஏதோ திருக்குறள் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

வேன் வந்து நிற்கிற இடம்

பள்ளிக்கூடக் கம்பிவேலியை ஒட்டித்தான் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். தீபாவளிக்கு முந்தின மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பெண்களில் மகாலட்சுமியின் அம்மா மாரியம்மாளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அதே நெற்றி, அதே நடை. கை முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி ஒட்டி வெள்ளி பூசியதுபோல இருந்தது. பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், போடுகிற பிரிவில் வேலை என்றார்.

“நீங்கதான் விசில் டீச்சரா? மகா சொல்லுவா. சாப்பிட்டீகளா?” என்றார் மலர்ச்சியாக.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் தூக்குவாளி இருந்தது. பேசுவதற்கு வசதியாக அதைக் கீழே வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். வாளி தரையைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் படுக்கப் போடுகிற மாதிரி வைத்தார்.

“கம்பெனில சேந்த அன்னைக்கே போர்மேன் சொல்லிருவாரு டீச்சர். எறியக் கூடாது, இழுக்கக் கூடாது, கீழ போடக் கூடாது. தூக்கி வைக்கணும். ஒரு உரசல் போதும்லா? எம்புட்டு வருசமாச்சு. இப்ப வீட்ல ஒரு டம்ளர் டங்குனு விழுந்தாலே உசுரு போயி உசுரு வருது. அதான் பிள்ளைகளையும் அதட்டி அதட்டி வளத்துட்டோம்.”

“மகாவும் பெறகு கம்பெனிக்கு வருவாளாக்கா?”

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது.

“எதுக்கு வாரா? வர விடுவேனா? அதுக்குத்தானே பள்ளிக்கூடம் அனுப்புதேன்.”

“அப்ப அவ எறியலாமே.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “நீங்க சொல்றது சரிதான். ஆனா அவ எறியறத நான் பாத்தா என் கையும் வீசிப் பழகிரும் டீச்சர். ஒரு கை ரெண்டு விதமாப் பழகுமா?” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி இல்லை. ஒன்று மட்டும் உறைத்தது. எறிவது கையோடு பிறந்தது என்று நான் நினைத்திருந்தேன். என் கை காட்டில் பழகியது. இவர்கள் கை வேறு இடத்தில் வேறு விதமாகப் பழகியிருக்கிறது. பழகாததைத்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தரப்போகிறார்கள்.

என் இடது கால்

சொல்லித்தருவது என்று முடிவு செய்த பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. எறிவது எப்படி என்று எனக்குத் தெரியாது! எறியத் தெரியும். எப்படி என்று கேட்டால், “இப்படித்தான்” என்று எறிந்து காட்டத்தான் தெரியும்.

ஜெயந்தி ஓட்டக்காரி. அவள் எறிந்தால் பந்து அவள் காலடியிலேயே விழும். அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். “நீ எறி. நான் போன்ல எடுக்கேன். மெதுவா ஓட்டிப் பாப்போம்.”

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் நான் தண்ணீருக்குள் அசைவதுபோல அசைந்தேன்.

“ஏ பிள்ள, எறியறதுக்கு முந்தி உன் இடது காலு முன்னாடி வருதே, அது உனக்குத் தெரியுமா?” என்றாள்.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கை பின்னால் போகிறபோது இடுப்பு திரும்புவதும் தெரியாது. பந்து போன பிறகும் கை நிற்காமல் கீழே இறங்கி வருவதும் தெரியாது. ஆயத்தம், விடுதல், தொடர்தல் என்று மூன்று கட்டங்களாக எழுத்துத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அது என் உடம்பில்தான் நடக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் பந்தையே வெளியில் எடுக்கவில்லை. வெறும் கையோடு நிற்க வைத்தேன். இடது கால் முன்னால். இடுப்பைத் திருப்பு. கை காதுக்குப் பக்கத்தில். இடதுகைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், அவளுக்கு மட்டும் எல்லாம் மாற்றி.

பிறகு எதை எறிவது? கீழே விழுந்தால் சத்தம் வரக் கூடாது, உடையக் கூடாது, பார்த்தாலே பயம் வரக் கூடாது. சிவகாசியில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டுமா என்ன? காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் கழிவுத்தாள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஜெயந்தியின் மாமா அங்கே வேலை பார்த்தார். ஒரு மூட்டை வந்தது.

கசக்கி உருண்டையாக்குங்கள் என்றேன். ஒரு பிள்ளையும் அசையவில்லை. தாளைப் பார்த்தால் முருகன், லட்சுமி, மாரியம்மன்! “சாமியக் கசக்கச் சொல்றீகளே டீச்சர்” என்று மகாலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பாதி வகுப்பு, சாமிப் படங்களைத் தனியாக எடுத்து அடுக்குவதிலேயே போனது. மிஞ்சிய தேதித் தாள்களைத்தான் உருட்டினோம்.

தேதித் தாள் உருண்டைகள் முதலில் தயங்கித் தயங்கித்தான் பறந்தன. ஒருத்தி எறிந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் திடலே வெள்ளையாகிவிட்டது. வார முடிவில் உருண்டை போய், கல்லூரியில் கேட்டு வாங்கிய டென்னிஸ் பந்துகள் வந்தன. மகாலட்சுமி எறிந்த பந்தைப் பிடிக்க நான் பின்னால் நகர வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விசிலை வாயில் வைத்துச் சமாளித்தேன்.

தேர்வன்று இடித்த வானம்

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். நாற்காலியை வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் பேராசிரியை அவருக்குப் பக்கத்தில். உடம்பைச் சூடாக்கும் பயிற்சி முடிந்தது. வரிசை பிரிந்து நின்றது. அதுவரை எல்லாம் சரியாகப் போனது.

அந்த நேரத்தில் மேற்கே மலைப்பக்கம் இடி முழங்கியது. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான் அடித்தது. ஆனாலும் இடிச் சத்தம் கேட்டால் கம்பெனிகளில் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவார்கள். சற்று நேரத்தில் வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இறங்கிய பெண்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளி விட்டுவிடும், பிள்ளையைக் கையோடு கூட்டிப்போகலாம் என்று வேலியோரம் நின்றார்கள். மாரியம்மாளும் நின்றார்.

“எறி!” என்று விசில் ஊதினேன்.

மகாலட்சுமி இடது காலை முன்னால் வைத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள். வேலியைப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது. பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடிப் போய், எதிரே நின்ற பிள்ளையின் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்தவளும் அப்படியே செய்தாள்.

தேர்வாளர் குனிந்து எதையோ எழுதினார். பேராசிரியை என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். காரியாபட்டி வேலை கண்ணுக்கு முன்னால் பறந்து போவது தெரிந்தது. அதைவிட, ‘சொல்லித்தர வருமான்னுதான் தெரியல’ என்ற சொல் காதுக்குள் கேட்டது. சத்தம் போட்டிருந்தால் பிள்ளைகள் பயந்து எறிந்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பெயர் பாடம் இல்லை.

நான் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். என் பாடத்திட்டத்தில் இல்லாத காரியம்.

“அக்கா, மகாகிட்ட இத எறிங்க” என்று வேலிக்கு மேலே நீட்டினேன்.

“நானா?” மாரியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போர்மேன் எங்காவது நிற்கிறாரா என்று பார்க்கிறவர்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எறி மாரி, இது என்ன வெடிக்கவா போகுது?” என்று கூட நின்ற பெண் ஒருத்தி சொன்னாள். சிரிப்பு எழுந்தது.

அவர் எறிந்தார். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் வீசி எறிந்தார். பந்து மகாலட்சுமி பக்கமே போகவில்லை. நேராக மேலே போய்ப் பள்ளிக்கூட ஓட்டின் மேல் விழுந்து, டங் டங்கென்று உருண்டு, எங்கோ சிக்கிக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு வேலியோரம் நின்ற அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

“எம்மா!” என்று மகாலட்சுமி கத்தினாள். “காலச் சேத்து வச்சா எப்படிப் போகும்? இடது காலு முன்னாடி! இடுப்பத் திருப்பும்மா! கை காதுகிட்ட வரணும். விட்ட பெறகு கைய நிறுத்தாத. இங்கன பாரு!”

இன்னொரு பந்தை எடுத்தாள். நின்றாள். திரும்பினாள். எறிந்தாள். பந்து வேலியைத் தாண்டி அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மாரியம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இடது காலை முன்னால் வைத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. மகாலட்சுமி ஓரடிகூட நகராமல் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நான் விசில் ஊதத் தேவையே இருக்கவில்லை. வரிசை குலைந்தது, நேரம் குலைந்தது, கடைசியில் செய்ய வேண்டிய ஓய்வுப் பயிற்சியை மறந்தே போனேன். அதற்கு மதிப்பெண்ணும் குறைத்தார்கள். திடல் முழுக்கப் பந்து பறந்துகொண்டிருந்தது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என்னைக் கேட்டது இதைத்தான். “இடது கால் முன்னாடின்னு அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?”

“நான்தான் சார்.”

“உங்களுக்கு?”

“ஜெயந்தி சார். அவளுக்கு எறிய வராது.”

பேராசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் என் தோளில் ஒரு தட்டு. “காரியாபட்டில போய் நல்லாச் சொல்லிக்குடு” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பள்ளி விட்டிருந்தது. மாரியம்மாள் இன்னும் வேலியோரம் மகளோடு நின்றுகொண்டிருந்தார். வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, “நோவுது டீச்சர். ஆனா நல்லா இருந்துச்சு” என்று சிரித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. தூக்குவாளியை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

“நாளைக்குக் காலைல கம்பெனிக்குள்ள போறதுக்குள்ள இத நான் மறந்துரணும்” என்றார். பிறகு மகளின் தலையில் கை வைத்தார். “நீ மறந்துராதத்தா.”